ஹலீம் மிதித்தால் மாறும்

ஹலீம் இந்த உலகத்துக்கு வந்தபோது தலையைக் காட்டவில்லை, காலைத்தான் முதலில் காட்டினான். மருத்துவச்சி வெலவெலத்துப் போனாள். தாய் ஆயிஷா உம்மா செத்துப் பிழைத்தாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் காத்தான்குடிக் கடற்கரைப் பக்கத்து வளவுகள் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது, ஊருக்கு ஒரு நாரி வைத்தியர் பிறந்துவிட்டார் என்று. கால் முன்னே வரப் பிறந்தவன் மிதித்தால் நாரியில், அதாவது முதுகு முடிந்து இடுப்புத் தொடங்குகிற இடத்தில், விழுந்த பிடிப்பு விட்டுவிடும் என்பது மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் சண்டை போடாமல் சேர்ந்து நம்புகிற சில விஷயங்களில் ஒன்று. பிள்ளை நடக்கப் பழகியதும் தூக்கிக்கொண்டு போய் முதுகுகளில் நிறுத்தினார்கள். அவனுக்கு அது விளையாட்டு. குப்புறக் கிடக்கும் பெரிய மனிதர்கள்மேல் ஏறி நிற்க எந்தப் பிள்ளைக்குத்தான் கசக்கும்?

காலுக்குப் புகழ் வந்ததே தவிர அந்தப் புகழால் அடுப்பு எரியவில்லை. இந்த வைத்தியத்துக்குக் கூலி வாங்கினால் பலிக்காது என்று ஒரு கட்டுப்பாடு வேறு இருந்தது. ஆகவே ஹலீம் வளர்ந்து நாட்டாமை வேலைக்குப் போனான். இங்கே நாட்டாமை என்றால் பாரம் தூக்குகிறவன். கடைகளில் அரிசி மூட்டை இறக்குகிறவர்கள் ஒரு வகை, ஹலீமின் கூட்டம் வேறு வகை. நெல் மில்லுக்குப் போகிற என்ஜின், ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்ப், மாவரைக்கிற மெசின் என்று இரும்பாய்ப் பிறந்ததெல்லாம் இவர்கள் தோளில்தான் ஊர் மாறும். நாலு பேர், இரண்டு காவுதடி, நடுவில் கயிற்றில் தொங்கும் இரும்பு. நௌஷாட் முதலாளியின் மெசின் கடையில் சங்கிலிக் கப்பி ஒன்று இல்லாமலில்லை. அதை எடுத்துக் கட்டி இழுக்க நேரமாகும் என்பதால் அது சுவரிலேயே துருப்பிடித்தது. நாலு பேர் தூக்கினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும், முதுகு துருப்பிடிப்பது வெளியே தெரியவும் தெரியாது.

ஹலீமோடு ஒரே தடியில் மறுமுனை பிடித்தவன் யோகராசா. காத்தான்குடிக்கு அடுத்த ஊரான ஆரையம்பதிக்காரன். காவுதடிக்குச் சோடி சேர்ப்பது கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம். உயரம் ஒத்துவர வேண்டும், நடை ஒத்துவர வேண்டும், ஒருவன் மூச்சு விடுகிற இடத்தில் மற்றவன் இழுக்கக் கூடாது. இவர்கள் இருவருக்கும் எல்லாம் ஒத்துவந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே தெருவில் ஆள் போகமுடியாத கெட்ட காலங்கள் வந்து போயின. அப்போதெல்லாம் இருவரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். தெரு திறந்ததும் வந்து தடியைத் தோளில் வைத்தார்கள். உன்னுடைய ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா என்று ஒருவன் மற்றவனை ஒருநாளும் கேட்டதில்லை.

வேலை முடிந்தால் மற்ற மூன்று பேரும் மணலில் குப்புறப் படுப்பார்கள். ஹலீம் பிஸ்மில்லாஹ் சொல்லி வலது குதிகாலை வைப்பான். கீழே கிடக்கும் யோகராசா "களுதாவளைப் பிள்ளையாரே" என்பான். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தால் ஒரு பக்கமாவது கைகொடுக்கும் என்பது அவன் கணக்கு. எழும்பும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். பிடிப்பு கால் பட்டு விட்டதோ, சும்மா கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தால் விட்டதோ, அதை யாரும் ஆராயவில்லை. எனக்கு ஒன்றுமட்டும் நிச்சயமாகத் தெரியும். அந்தக் கால் இல்லையென்றால் இவர்கள் நாரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் பாயில் கிடந்திருப்பார்கள். கால் இருந்ததால் மறுநாளும் தடிக்குக் கீழே போனார்கள்.

ஹலீமின் நாரிக்கு மட்டும் வைத்தியம் இருக்கவில்லை. தன் முதுகைத் தானே மிதிக்க எவனாலும் ஏலாது. அவன் வலியை வாயில் எடுக்கவும் இல்லை. நாரி வைத்தியருக்கே நாரி நோகிறது என்று கேள்விப்பட்டால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தான். மனைவி சஹ்லாவுக்குக்கூடத் தெரியாமல் பனடோல் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. ஹலீமும் சஹ்லாவும் வாவிப் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில் நின்றதால் தப்பினார்கள். கடற்கரை வீட்டில் தனியாக இருந்த ஆயிஷா உம்மா போய்விட்டாள். அன்று மாலையே யோகராசா ஆரையம்பதியில் இருந்து கால்நடையாக வந்து, ஒவ்வொரு பள்ளிவாசலாகத் தேடி, ஹலீமைக் கண்டுபிடித்தான். பக்கத்திலேயே இருந்தான். உம்மாவைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியின் ஒரு மூலை அவன் தோளில்தான் மையவாடிக்கு, அடக்கம் செய்யும் இடத்துக்கு, போனது. அதன் பிறகு, பாரம் தூக்கத் தெரிந்தவர்கள் என்று இருவரையும் இரண்டு ஊரிலும் கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள், யாருடைய உடல் என்று பார்க்காமல் தூக்கினார்கள். கூடப் பிறந்தவன் இருந்திருந்தாலும் யோகராசாவைப் போல இருந்திருப்பானா என்பது ஹலீமுக்குச் சந்தேகம்தான்.

கடல் போன பிறகு இரும்பு வந்தது. வெளிநாட்டுக்காரர் மனம் இரங்கி ஜெனரேட்டர் தந்தார்கள், பம்ப் தந்தார்கள், தண்ணீர் சுத்திகரிக்கிற மெசின் தந்தார்கள். ஒவ்வொன்றிலும் கொடி ஒட்டியிருந்தது, பெயர் எழுதியிருந்தது. அதைத் தூக்குகிறவனுக்கு சக்கரம் வைத்த ஒரு சில்லு வண்டியும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று ஒரு தேசத்துக்கும் தோன்றவில்லை. முகாமுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேற்றையும் மணலையும் தாண்டி எல்லாம் தோளில் போயின. அந்த இரண்டு மூன்று வருடத்தில் நாலு பேருடைய நாரியும் வாங்கிய அடி அதற்கு முன் பத்து வருடத்தில் வாங்காத அடி.

அப்படி இருக்கையில் ஒருநாள் வீட்டுத் தரையில் இரத்தத் துளிகளைக் கண்டு சஹ்லா சத்தம் போட்டாள். ஹலீமின் வலது குதிகாலில் போத்தல் ஓடு ஏறியிருந்தது. வாசலில் இருந்து அறைவரை அதோடு நடந்திருக்கிறான், அவனுக்குத் தெரியவில்லை. "தோல் தடிச்சுப் போச்சு புள்ள" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். பிறகு ஆள் இல்லாத நேரம் பார்த்து விரலால் தட்டிப் பார்த்தான், கிள்ளிப் பார்த்தான். குதிகாலும் பாதத்தின் வெளிப்புறமும் விறைத்துக் கிடந்தன. ஊரின் நாரியெல்லாம் நம்பியிருந்த கால் அது. யாரிடம் சொல்வது? சொன்னால் காலும் போகும், தடியும் போகும். அவன் சொல்லவில்லை. கேட்டு வந்தவர்களைத் தொடர்ந்து மிதித்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த ஒரு மில்லுக்கு என்ஜின் போக வேண்டியிருந்தது. சண்டைக் காலம் முழுவதும் என்ஜின் இல்லாமல் வெறும் கொட்டிலாய் நின்ற மில். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கிற மிதவையைப் பாதை என்பார்கள். என்ஜினை ஏற்றிவந்த உழவு மெசினையும், அதாவது டிராக்டரையும், என்ஜினையும் ஒன்றாய் ஏற்றினால் தாங்காது, இறக்கித் தனியாகக் கொண்டுவாருங்கள் என்று பாதைக்காரர் சொல்லிவிட்டார். நாலு பேரும் இந்தக் கரையில் இறக்கினார்கள், பாதையில் ஏற்றினார்கள். தூரத்தில் பட்டணப் பக்கம் பட்டாசு வெடித்தது. யுத்தம் முடிந்துவிட்டதாம் என்று யாரோ சொன்னார்கள். பாதையில் நின்ற சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தது. யோகராசாவும் தண்ணீரைப் பார்த்தான். ஹலீம் என்ஜின் கயிற்றின் முடிச்சை இன்னொருதரம் இறுக்கினான்.

அந்தக் கரையில் இறக்கும்போது பலகை சரிந்தது. என்ஜின் பின்பக்கமாய்ச் சாய்ந்து, பின்முனையில் நின்ற யோகராசாவின் தோளில் முழுப் பாரமும் ஒரு கணம் இருந்தது. அவன் விடவில்லை. விட்டிருந்தால் என்ஜின் பலகைச் சரிவில் உருண்டு, முன்னால் நின்ற ஹலீமின் கால்களில் விழுந்திருக்கும். எப்படியோ மணலில் வைத்தார்கள். வைத்ததும் யோகராசா அப்படியே குந்தினான், எழும்ப முடியவில்லை. முகம் வெளுத்து வேர்வை கொட்டியது.

"ஹலீம் காக்கா, ஒருக்கா மிதிச்சு விடுங்க" என்று பாதையில் வந்த சனத்தில் ஒருவர் அண்ணன் முறை வைத்துச் சொன்னார். இன்னொருவர் விலகி இடம் விட்டார். எல்லாரும் வட்டமாய் நின்று பார்த்தார்கள். ஹலீம் யோகராசாவைப் பார்த்தான். யோகராசா அவனைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பிக் குப்புறப் படுத்தான்.

ஹலீம் பிஸ்மில்லாஹ் சொல்லி வலது காலை வைத்தான். முதுகில் வைத்திருக்கிறோம் என்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் அழுத்தினான். யோகராசா மாடு கத்துவது போலக் கத்தினான். பிறகு இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தியபோது இடது பாதம் துணி போலத் தொங்கி மணலில் இழுபட்டது.

யோகராசாவை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். ஹலீம் ஒரே ஒரு தடவை தோடம்பழப் பையோடு போனான். கட்டிலில் யோகராசா நித்திரை. அவன் மனைவி சுலோஜனா காலடியில் இருந்து அந்தப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போடவில்லை, திட்டவில்லை.

"காக்கா, ஒண்டு கேக்கிறன். நீங்க மிதிக்கக்குள்ள பாத்துத்தானே மிதிச்ச?"

"ஓம் தங்கச்சி. பாத்துத்தான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தேய்த்தாள். ஹலீம் பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். பொய் சொன்ன வாயில் துப்பல் கசந்தது. அதன்பின் அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை, யோகராசா வீட்டுக்கு வந்த பிறகு ஆரையம்பதிப் பக்கமும் போகவில்லை. கடைத்தெருவில் ஹலீம் மிதித்துத்தான் அந்த மனிசனுக்குக் கால் போனதாம் என்று பேசினார்கள், அதையும் காதில் வாங்கினான். அவனுடைய மனதில் ஒரே கேள்விதான் நின்றது. காலை எடுத்தது என்ஜினா, நானா? அதற்குப் பதில் தெரிந்தவன் யோகராசா ஒருவன்தான். அவனிடம் போகத்தான் தைரியம் இல்லை.

மிதிக்கக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். பாரம் தூக்குவதை மட்டும் விடவில்லை. தடியின் மறுமுனைக்குப் புதிதாக வந்தவனின் நடை ஒத்துவரவில்லை. படுக்கையில் இருந்து எழும்பக் கட்டிலின் விளிம்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. சஹ்லா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டால் எரிந்து விழுவான் என்று கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. யோகராசா ஒரு கையில் ஊன்றுகிற பொல்லும் மறுகையில் ஓட்டோக்காரனின் தோளுமாய் இறங்கினான். ஹலீம் எழும்பி நின்றான். எங்கே ஓடுவது என்று தெரியாதவனைப் போல நின்றான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்ன மச்சான், நான் செத்தாத்தான் பாக்க வருவியோ?"

கதிரையில் உட்கார்ந்தபின் யோகராசா முகத்தைத் துடைத்தான். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தான்.

"பாத்துத்தானா மிதிச்ச எண்டு சுலோஜனா ஆஸ்பத்திரியில உன்னட்டக் கேட்டவளாம். அவளுக்கு இப்பதான் உண்மையச் சொன்னன். உனக்கும் சொல்லத்தான் வந்த. என்ர கால் அண்டைக்குப் போகல்ல. சித்திரை மாசமே போகத் தொடங்கிட்டு. செருப்பு கழண்டு விழும், எனக்குத் தெரியாது. பின்னால வாற ஆக்கள் எடுத்துத் தருவாங்க."

ஹலீமுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அப்ப என்னத்துக்குடா தடிக்குக் கீழ வந்த?"

"நான் வராட்டி நீ ஆரோட காவுற?"

"மறுகா என்னத்துக்குப் படுத்த? நோவு அந்த மாதிரி எண்டா மிதிக்க வேணாம் எண்டு செல்லியிருக்கலாமே!"

யோகராசா பொல்லைத் தரையில் ஊன்றித் திருப்பிக்கொண்டிருந்தான். "அத்தன சனம் பாத்துக்கொண்டு நிண்டது மச்சான். ஹலீம் மிதிச்சா நோவு மாறும் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நான். நானே வேணாம் எண்டு சொன்னா உன்ர மரியாதை என்னத்துக்கு ஆகும்?"

ஹலீம் சுவரில் கையை வைத்தான். இத்தனை நாள் சுமந்ததை அதற்குமேல் சுமக்க முடியவில்லை.

"எனக்கு அந்தக் கால் தெரியாது மச்சான்."

"என்ன தெரியாது?"

"வலது கால். விறைச்சுப் போய் ஒரு வருசத்துக்கு மேல. உன்ர முதுகில வைச்சனா, மண்ணில வைச்சனா எண்டு எனக்குத் தெரியல்ல. எவ்வளவு அமத்தினன் எண்டும் தெரியல்ல. சனம் பாத்துக்கொண்டு நிண்டது, அதால வைச்சன். தங்கச்சிக்குப் பொய்தான் செல்லின."

அறை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற சஹ்லா அப்படியே நின்றுவிட்டாள். யோகராசாவின் முகம் சிவந்தது. அவனுக்குக் கோபம் வந்தது, வரத்தான் வேண்டும், கால் அவனுடையது. பொல்லைத் தரையில் ஓங்கிக் குத்தினான். வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு எருமைகள்" என்றான் கடைசியில். "ஒண்டுக்கு ஒண்டு சளைச்சதில்ல. நாளைக்கு எனக்குக் கிளினிக் இருக்கு. நீயும் வாறாய்."

"நாளைக்கு ஜெனரேட்டர் ஒண்டு இரிக்கி. நௌஷாட் முதலாளி..."

"நௌஷாட் முதலாளிய வந்து தூக்கச் சொல்லு."

"யோகராசா அண்ணன், நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள் சஹ்லா. ஹலீம் அவளைப் பார்த்தான். அவள் பார்வையில் பேச இடமில்லை.

கிளினிக்கில் உட்காருகிற வாங்குப் பலகை நிறைய ஆட்கள். பாதிப்பேர் நாரியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். முறை வந்ததும் டொக்டர் அம்மா, வயது குறைந்தவர், யோகராசாவின் காலைப் பார்த்துவிட்டு இனிப் பாரம் தொடவே கூடாது என்று மறுபடியும் சொன்னார். ஹலீம் அவரிடம் நேராகவே கேட்டான்.

"டொக்டர், இவருக்குக் கால் போனது பாரத்தாலயா, நான் மிதிச்சதாலயா?"

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "வருசக்கணக்காத் தூக்கின பாரத்தால. முள்ளந்தண்டுக்குள்ள நரம்பு நெரிபட்டிருக்கு. மிதிச்சது அதக் கூட்டியிருக்கும். எவ்வளவு எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது."

யோகராசா கூரையைப் பார்த்தான். ஹலீம் தலை குனிந்தான். அது அப்படியேதான் இருக்கும், இனி அளக்க முடியாது.

"இவரையும் பாருங்க டொக்டர்" என்றான் யோகராசா.

ஹலீமைக் கட்டிலில் ஏற்றி, சாரனை முழங்கால்வரை சுருட்டச் சொன்னார். "கண்ண மூடுங்க. ஊசியால மெல்லமாக் குத்துவன். தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க."

ஹலீம் கண்ணை மூடினான். ஓம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. பின்னேரம் லொறியில் ஏறிவிடலாம். ஜெனரேட்டர் இருக்கிறது, தடி இருக்கிறது. சொல்லாவிட்டால் இன்றோடு சரி. வேறு வேலை அவனுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, குத்துகிற நேரம் இதுவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் பார்த்தான்.

"ஓம்."

"நான் இன்னும் குத்தல்ல" என்றார் டொக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. சஹ்லாவின் மூச்சு அவனுக்குக் கேட்டது. யோகராசா தொண்டையைச் செருமினான்.

"சரி, இப்ப?"

ஹலீம் காத்திருந்தான். உள்ளங்காலில் ஏதாவது வருமா என்று உண்மையாகவே தேடினான்.

"தெரியல்ல."

"இஞ்ச?"

"தெரியல்ல."

"இதில?"

"தெரியல்ல டொக்டர்."

கேள்வி மேலே மேலே ஏறிக்கொண்டு போனது. ஒவ்வொரு இடத்திலும் அவன் அதே பதிலைச் சொன்னான், சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே சுள்ளென்று ஒரு வலி வந்தது. "ஓம். இஞ்ச தெரியுது, இஞ்ச நோகுது" என்று சொன்னபோது ஹலீம் சின்னப் பிள்ளையைப் போல அழுதுகொண்டிருந்தான். சஹ்லா அவன் கையைப் பிடித்தாள். யோகராசா பொல்லை ஊன்றி எழும்பி, ஜன்னல் பக்கம் போய் நின்று, நௌஷாட் முதலாளிக்குப் போன் எடுத்து ஹலீமும் இனி வேலைக்கு வரமாட்டான் என்று சொன்னான்.